மலைக்காட்டில் வெட்டிய கேக்

போன சனிக்கிழமை. ரொறன்ரோவுக்குப் பக்கத்து மார்க்கம் நகரில் ஒரு தமிழ்க் கடை. முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டு நிற்கிறேன். பின்னாலிருந்து ஒரு குரல்.

“அக்கா, கல்கரி எப்பிடி?”

திரும்பினேன். முன்பின் தெரியாத பெண். இந்தப் பத்தியை விடாமல் வாசிக்கிறவராம். போன இரண்டு கிழமையும் இந்த இடத்தில் ‘பத்தி எழுதுபவர் அலுவலகப் பயிற்சிக்காகக் கல்கரி சென்றிருப்பதால்...’ என்று ஒரு சின்னக் குறிப்புப் போட்டிருந்தார்களே, அதை ஞாபகம் வைத்துக் கேட்கிறார்.

“பரவாயில்லை... சரியான குளிர்” என்றேன்.

“குளிரோ? பிறகேன் அக்கா முகம் இப்பிடி வெயிலில காய்ஞ்சு கறுத்துக் கிடக்கு?”

முருங்கைக்காயை அப்படியே போட்டுவிட்டு வெளியே வந்தேன். காரில் ஏறிக் கதவைப் பூட்டிக்கொண்டேன். ஐம்பத்தெட்டு வயதில் களவெடுத்துப் பிடிபட்ட பிள்ளை மாதிரி ஓடி வந்திருக்கிறேன். சீ!

ஆகவே, இன்றைக்கு உண்மை. நான் கல்கரிக்குப் போகவில்லை. மத்திய அமெரிக்காவில் இருக்கும் கொஸ்ரா றிக்காவுக்குப் போனேன். பறவை பார்க்க!

ஓம், பறவை பார்க்க. இந்த 2009ஆம் வருடம், இந்த மே மாதத்தில்.

உங்களில் சிலர் இப்போதே பேப்பரைக் கசக்கியிருப்பீர்கள். நியாயம்தான். ஏப்ரலில் இதே பத்தியில் நான் என்ன எழுதினேன்? ‘சோஃபாவில் சாய்ந்துகொண்டு ரீவியில் யுத்தம் பார்க்கிறவர்களே, வெட்கமாக இல்லையா? தெருவுக்கு வாருங்கள்’ என்று கிழித்தேன் அல்லவா? அதை வெட்டி ஃபிரிட்ஜில் ஒட்டியிருப்பதாக ஸ்காபரோவிலிருந்து ஒருவர் போன் எடுத்துச் சொன்னார். ஐயா, தயவுசெய்து அதைக் கழற்றிவிடுங்கள்.

எப்படிப் போனேன்? சொல்கிறேன்.

என்னோடு வேலை செய்யும் டொனாதான் என்னைப் பறவைப் பைத்தியம் ஆக்கியவள். ஞாயிறு காலையில் பைனாகுலரோடு குளக்கரையில் நிற்கப் பழக்கியதும் அவள்தான். போன வருடமே அவளுடைய குழுவோடு இந்தப் பயணத்துக்குக் காசு கட்டிவிட்டேன். மேகம் இறங்கும் மலைக்காடுகள், ஒரு கிழமை, கூடவே ஒரு வழிகாட்டி. ‘மெதுவான நடை, குறுகிய பாதை, நிறையக் கோப்பி’ என்று விளம்பரத் தாளில் போட்டிருந்தது. என் முழங்காலுக்காகவே எழுதியது போல இருந்தது.

அப்போது யாருக்குத் தெரியும், இந்த வருடம் இப்படி விடியும் என்று?

என் தம்பி குகன் வன்னியில். கூட்டுறவுக் கடை மனேச்சர். மனைவி நோயில் போய் நாலு வருடம். ஒரே மகள் துளசி, பதினேழு வயது. ஜனவரிக் கடைசியில் புதுக்குடியிருப்பிலிருந்து போனில் நாற்பது செக்கன் கதைத்தான். அதற்குப் பிறகு அவன் குரல் இல்லை. மாத்தளனில் கண்டதாக ஒருவர் சொன்னார். காயப்பட்டவர்களின் பட்டியலில் பெயர் இருந்ததாம் என்றார் இன்னொருவர். அது வேறு குகன் என்றார் மூன்றாமவர். ஆக, மூன்று மாதம் நித்திரை இல்லை. பிரஷர் ஏறிப்போய், டொக்ரர் என்னைப் பார்த்த பார்வையே சரியில்லை.

பயணத்தை விடப்போகிறேன் என்றேன். இவர்தான் விடவில்லை. இவர் என்றால் என் கணவர்.

“நீர் இஞ்ச இருந்து என்ன செய்யப்போறீர்? போனைத்தான் பாத்துக்கொண்டிருப்பீர். அதை நான் பாக்கிறன். போட்டு வாரும்.”

“சனம் என்ன சொல்லும்?”

“சனத்துக்கு ஏன் சொல்லுறீர்?”

அவ்வளவுதான். கல்கரி பிறந்தது. சொந்தக்காரர், சிநேகிதர், இந்தப் பேப்பரின் ஆசிரியர், எல்லாருக்கும் கல்கரி. ஊரே செத்தவீடு மாதிரிக் கிடக்க இவவுக்குக் குருவி கேக்குதாம் என்று நாலு பேர் கதைப்பார்களே, அந்தப் பயம். ஒருத்தருக்கும் உண்மை சொல்லக்கூடாது என்று இவரிடம் சத்தியம் வாங்காத குறை.

விமானத்தில் எனக்குப் பக்கத்து ஆசனம் மாகிறற். றிச்மண்ட் ஹில்லில் படிப்பித்து ஓய்வுபெற்ற ரீச்சர். தங்கமான மனிசி. சீற்பெல்ட்டைப் போட்டதும் தொடங்கினார்.

“ஞாயிற்றுக்கிழமை ஹைவேயை மறித்தார்களே, தெரியுமா? நான் காருக்குள்ளேயே இரண்டு மணித்தியாலம். யார் இந்த மனிதர்கள்? என்னதான் வேண்டுமாம்?”

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? அந்த ஹைவேயில் நானும்தான் நின்றேன்! ‘யுத்தத்தை நிறுத்து’ என்று கால் கடுக்க, தொண்டை கிழியக் கத்திக்கொண்டு நின்றேன். ஆனால் என்ன செய்தேன்? பறவைப் புத்தகத்தைத் திறந்தேன்.

பாருங்கள் என் கெட்டித்தனத்தை. தமிழருக்கு நான் காட்டில் இருப்பது தெரியாது. காட்டில் இருப்பவர்களுக்கு நான் இலங்கை என்பது தெரியும், ஹைவேயில் நின்றவள் என்பது தெரியாது.

காடு... காட்டை எப்படிச் சொல்ல? மரம் முழுக்கப் பாசி. காலையில் மேகம் ஆளை உரசிக்கொண்டு போகிறது. எங்கள் வழிகாட்டி மரியோ பத்தடி நடந்தால் பத்து நிமிடம் நிற்பார். யாரும் அவசரப்படுவதில்லை, யாரும் சத்தம் போடுவதில்லை. மூன்றாம் நாள் கெற்சால் என்ற பறவையைக் காட்டினார். உடம்பு முழுக்கப் பச்சை, நெஞ்சு மட்டும் இரத்தச் சிவப்பு, வால் ஒரு முழத்துக்கு மேல். மரப்பொந்திலிருந்து தலையை நீட்டி எங்களைப் பார்த்தது. சத்தியமாகச் சொல்கிறேன், கால் மணித்தியாலம் குகனை மறந்தேன். ஞாபகம் வந்ததும் பைனாகுலரைக் கழற்றிப் பைக்குள் வைத்துவிட்டேன்.

பின்னேரத்தில் எல்லாரும் வட்டமாக இருந்து அன்றைய பட்டியலைச் சரிபார்ப்பது பறவைக்காரர்களின் வழக்கம். மரியோ ஒவ்வொரு பெயராக வாசிப்பார். கண்டவர் கை உயர்த்த வேண்டும். மணி அடிப்பது போலக் கத்தும் பறவை ஒன்று அங்கே உண்டு. சத்தம் மலை முழுக்கக் கேட்கும். ஆளைக் காணவே முடியாது. அதற்குப் பக்கத்தில் ‘கேட்டது மட்டும்’ என்று எழுதினார்.

“காணாததையும் சேர்ப்பீர்களா?” என்று கேட்டேன்.

“ஏன் சேர்க்காமல்? கேட்டோமே. அப்படியென்றால் அது எங்கேயோ இருக்கிறதுதானே?”

எழும்பி அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். குகனை நான் அப்படித்தானே வைத்திருந்தேன்!

தங்கியிருந்த விடுதியில் ஒரேயொரு ரெலிபோன். தினமும் இவருக்கு எடுப்பேன். “ஒண்டும் வரேல்லை. நீர் சாப்பிட்டீரோ?” இவ்வளவுதான் கதை. திங்கட்கிழமை அடித்த மழையில் அந்த இணைப்பும் போய்விட்டது. திருத்த ஆள் வர இரண்டு மூன்று நாள் ஆகுமாம்.

செவ்வாய்க்கிழமை பின்னேரம் நடை முடித்துச் சாப்பாட்டு அறைக்குள் வருகிறோம். ரீவி ஓடுகிறது. ஸ்பானிஷ். எனக்கு ஒரு சொல் விளங்காது. ஆனால் கடற்கரை விளங்கியது. எரிந்த வாகனங்கள் விளங்கின. இடுப்பளவு தண்ணீரில் சனம் சனமாக... பிறகு கொழும்பில் வெடி கொளுத்தி ஆடுகிறார்கள். அதுவும் விளங்கியது.

மரியோ என் பக்கம் திரும்பினார். “உங்கள் நாடுதானே? யுத்தம் முடிந்துவிட்டதாம்.”

நான் திரையில் முகங்களைத் தேடினேன். கிட்டப் போனேன். இன்னும் கிட்டப் போனேன். அதற்குள் உதைபந்தாட்டம் வந்துவிட்டது.

போன் இல்லை. இன்ரநெற் இல்லை. யாரிடம் கேட்பது? அந்தக் கதிரையிலேயே இருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது.

இராச் சாப்பாடு முடிந்தது. திடீரென்று எல்லாரும் கை தட்டினார்கள். குசினிக்குள்ளிருந்து மாகிறற் வருகிறார். கையில் ஒரு கேக். வெள்ளை ஐசிங். ஆங்கிலத்தில் பச்சை எழுத்தில் ‘சமாதானம்’ என்று எழுதியிருக்கிறது. பக்கத்தில் ஒரு புறா. பறவைக்காரர் எட்டுப் பேர் இருந்த அறையில் அது புறா என்று நாங்களாகத்தான் ஊகிக்க வேண்டியிருந்தது.

“இருபத்தாறு வருட யுத்தம் முடிந்ததே! உங்களுக்கு எவ்வளவு நிம்மதியாக இருக்கும்!” என்று என்னைக் கட்டிப்பிடித்தார். அவருடைய கண்ணில் தண்ணீர். கள்ளக் கண்ணீர் இல்லை, உண்மையான கண்ணீர். சமையல்காரியிடம் கெஞ்சி, தானும் மாவு குழைத்து, எனக்காகச் செய்வித்திருக்கிறார். கத்தியை என் கையில் தந்தார்கள்.

இதற்கு என்ன சொல்வது? தூக்கி எறிவதா? குளறுவதா?

வேலையிடத்தில் நான் ஒருநாளும் குகனைப் பற்றிக் கதைத்ததில்லை. டொனா கேட்டாள், “அங்கே உனக்கு யாராவது இருக்கிறார்களா?”

“இல்லை” என்றேன். “எல்லாரும் கனடாவில்தான்.”

வாசித்தீர்கள்தானே? என் வாயால், என் கூடப்பிறந்தவனை இல்லை என்றேன். ஏன் தெரியுமா? உண்மையைச் சொன்னால் அந்த நல்ல சனங்கள் கேக்கைப் பார்த்துக் கூனிக்குறுகிப் போவார்களாம். அவர்களுக்குச் சங்கடம் வரக்கூடாதாம்! தம்பி உயிரோடு இருக்கிறானா என்று தெரியாத நேரத்தில் எனக்கு வந்த மரியாதையைப் பாருங்கள்.

கேக்கை வெட்டினேன். தாங்க்யூ என்றேன். இரண்டு துண்டு சாப்பிட்டேன். கேக் நன்றாகவே இருந்தது, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

வியாழக்கிழமை மலையை விட்டு இறங்கினோம். விமான நிலையத்தில் வரிசையாக ரெலிபோன்கள். ஒன்றைத்தானும் நான் தொடவில்லை. பயம். வீடு போய்ச் சேரும்வரை தெரியாமலே இருக்கட்டும் என்று நினைத்தேன்.

ரொறன்ரோவில் இவர் வந்து நின்றார். முகத்தைப் பார்த்தேன். ஒன்றும் பிடிபடவில்லை.

“முதல்ல காருக்கு வாரும்.”

சாவுச் செய்தி வைத்திருக்கும்போதுதான் எங்கள் ஆட்கள் அப்படிச் சொல்வார்கள் என்று உங்களுக்குத் தெரியும். சூட்கேஸை விட்டுவிட்டு இவருடைய கையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். ஹைவேயில் ஏறிய பிறகுதான் வாய் திறந்தார்.

“குகன் போன் எடுத்தவன்.”

“ஆர்?”

“குகன். உயிரோட இருக்கிறான். செவ்வாய்க்கிழமை காலமை எடுத்தவன். அகதி முகாமிலயிருந்து, ஆரோ ஒருத்தற்ற போனில. ஒரு நிமிசம்தான் தந்தவையாம். ‘அக்காட்டக் குடுங்கோ அத்தான்’ எண்டவன்.”

நான் குளறி அழுதுவிட்டேன். சந்தோஷமா, வேறேதுமா, தெரியவில்லை. கொஞ்சம் அடங்கிய பிறகுதான் அந்தக் கேள்வி வந்தது.

“நீங்கள் என்ன சொன்னனீங்கள்?”

இவர் ரோட்டையே பார்த்துக்கொண்டு ஓட்டினார்.

“சாவுக்குள்ளயிருந்து வந்தவனுக்கு அக்கா குருவி பாக்கப் போட்டா எண்டு சொல்லேலுமே? கல்கரி எண்டும் வாயில வரேல்லை. ‘அக்கா கோயிலுக்குப் போட்டா, மூண்டு மாசமா உனக்காக விரதம்’ எண்டு சொல்லிப்போட்டன்.”

நானா? விரதமா? வருடத்தில் இரண்டு தரம், அதுவும் யாருடைய கலியாணத்துக்காவது கோயில் வாசலை மிதிக்கிறவள் நான்!

“அவன் என்ன சொன்னவன்?”

“அழுதவன்... ‘பங்கர்க் குழிக்குள்ள என்னோட இருந்த ஆறு பேரும் செத்துப்போட்டினம் அத்தான். நான் மட்டும் ஏன் தப்பினனான் எண்டு விளங்காமக் கிடந்தது. இப்ப விளங்குது’ எண்டவன்.”

நான் கார்க் கண்ணாடியை இறக்கினேன்.

“இன்னும் இருக்கு. துளசியைக் காணேல்லையாம். வரேக்க சனத்துக்குள்ள கை விட்டுப்போச்சாம். ‘அக்காவை விரதத்தை விடவேண்டாம் எண்டு சொல்லுங்கோ. பிள்ளையும் வந்திடும்’ எண்டவன். அதோட கட்டாகிட்டுது.”

செவ்வாய் காலையில் அவன் அப்படிச் சொல்லியிருக்கிறான். செவ்வாய் இரவு நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று உங்களுக்கு இப்போது தெரியும்.

இவரைப் பிடித்துக் கத்தினேன். “ஏன் அப்பிடியொரு பொய்யைச் சொன்னனீங்கள்? அதுவும் அவனுக்கு!”

“நீர்தானே ஒருத்தருக்கும் உண்மை சொல்லவேண்டாம் எண்டனீர்?”



நாங்கள் மற்றவர் மனம் நோகக்கூடாது என்று பொய் சொல்லியே பழகிய சனம். சொல்கிறவருக்கு அது ஒரு நிமிட வேலை. நம்புகிறவர் அதைப் பிடித்துக்கொண்டு உயிர் வாழத் தொடங்கினால் என்ன செய்வது?

குகன் அதற்குப் பிறகு எடுக்கவில்லை. போனடியிலேயே இருக்கிறோம். துளசியின் பெயரை, விசாரிக்கக்கூடிய எல்லாரிடமும் கொடுத்துவிட்டோம். ஒரு தகவலும் இல்லை.

உங்களில் யாருக்காவது முகாமில் இருப்பவர்களோடு கதைக்கக் கிடைத்தால் இரண்டு உதவி செய்யுங்கள். துளசி, பதினேழு வயது, இடது புருவத்தில் ஒரு வெட்டுத் தழும்பு. விசாரித்துப் பாருங்கள். மற்றது, குகன் என்ற ஒருவரைச் சந்தித்தால் இந்தப் பத்தியைப் பற்றி மூச்சு விடாதீர்கள்.

இப்போது இரண்டு வெள்ளிக்கிழமையாகப் பச்சைத் தண்ணீர் மட்டும்தான். வேலை முடிந்ததும் றிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோயிலில் போய் நிற்கிறேன். பக்தி வந்துவிட்டதா என்று கேட்காதீர்கள். வரவில்லை. பொய்யைச் சொன்னவர் இவர், அதை உண்மையாக்க வேண்டியவள் நான்.