தம்பி கடைசியாகச் சொன்னது

எங்கள் பக்கம் சாவு வீட்டுக்குத் துட்டி கேட்க வருகிறவர்களிடம் வீட்டார் கேட்கிற முதல் கேள்வி, "கடைசியா என்ன சொன்னான்?" என்பதுதான். அவனியாபுரம் ரோட்டோரம் யாரோ அடித்துப்போட்டுக் கிடந்த என் தம்பி ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே போய்ச் சேர்ந்தபோது நானும் அதைத்தான் கேட்டேன். டீக்கடை அண்ணன் சொன்னார்: "வேன் டிரைவர் ஒருத்தர்தான் தூக்கிட்டுப் போனாரும்மா. வெல்டிங் பட்டறைக்காரன்தான் அடிச்சான்னு தம்பி அவருட்டச் சொன்னானாம். அக்காவக் காத்திருக்காம சாப்பிடச் சொல்லுங்கன்னும் சொன்னானாம்."

அவன் வராமல் நான் சோற்றில் கை வைத்ததே கிடையாது. அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு எம்புட்டு அழுதேன்! அதற்கப்புறம் தட்டில் சோறு போடும்போதெல்லாம் அவன் பக்கத்தில் நின்று சொல்வதாகவே நினைத்துக்கொள்வேன்.

பட்டறைக்காரனுக்கும் தம்பிக்கும் முன்பே வாய்த்தகராறு. டீக்கடை அண்ணன் துட்டி வீட்டில் சொன்னதையே கோர்ட்டிலும் சொன்னார். டிரைவர் அதற்குள் சவுதிக்குப் போய்விட்டார். அவரை யாரும் விசாரிக்கவில்லை. பட்டறைக்காரனுக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. அப்பீலில் ஹைகோர்ட் அவனை விடுதலை செய்துவிட்டது. சாட்சி தன் காதால் கேட்டதைச் சொல்லவில்லை, கேட்டவர் சொன்னதாகச் சொல்கிறார், அந்தச் செவிவழிச் சாட்சியம் செல்லாது, வேறு ஆதாரமும் இல்லை என்று வக்கீல் விளக்கினார்.

"அப்ப என்னையச் சாப்பிடச் சொன்னதும் செல்லாதா சார்?"

பாவம், அவர் தீர்ப்பு நகலை எடுத்து நீட்டினார். எனக்கோ பற்றிக்கொண்டு வந்தது. பட்டறைக்காரன் போனால் போகிறான்; தம்பி எனக்கென்று விட்டுப்போன வார்த்தையைத் தள்ளுபடி செய்ய இவர்கள் யார்?

போன தை மாதம் டிரைவர் ஊருக்கு வந்திருப்பதாகக் கேள்விப்பட்டதும் வாடிப்பட்டிக்கு பஸ் ஏறிவிட்டேன். யாரென்று சொன்னதும் உட்காரச் சொன்னார்.

"தம்பி சொன்னத உங்க வாயால ஒருதடவ கேட்டுட்டுப் போறேண்ணே."

"யாரு அடிச்சான்னுலாம் அவன் சொல்லல தங்கச்சி. அந்த நெலமையில இல்ல. தண்ணி மட்டுந்தான் கேட்டான்."

"சாப்பாட்டப் பத்தி?"

"இல்லம்மா."

துட்டி வீட்டுக்கு வெறுமனே வர மனசில்லாமல் டீக்கடை அண்ணன் தானாகச் சொன்ன ஆறுதல் அது. அதை நம்பி ஒருவனை ஜெயிலில் வைத்திருந்தார்கள் என்பதெல்லாம் திரும்பி வரும்போதுதான் உறைத்தது. அப்போது என் வாயில் வந்தது வேறு.

"குடுத்தீங்களாண்ணே?"

"குடுத்தேன். மடக்கு மடக்குன்னு குடிச்சான்."