சிவப்பு மட்டும் போன தண்ணீர்

எங்கள் பிளாண்ட் வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மலேசியாவில் சுங்காய் ஊரைத் தாண்டி உள்ளே, மலையடியில், எப்போதோ மூடிப்போன ஈயச் சுரங்கம். அதிலிருந்து ஊறி வருவது ஆசிட் தண்ணீர். இரும்பு, செம்பு, துத்தநாகம் எல்லாம் அதில் கரைந்திருக்கும். முதல் டேங்கில் சுண்ணாம்புப் பால் விட்டு பிஎச்சை மூன்றரைக்கு ஏற்றினால் இரும்பு சகதியாக அடியில் தங்கும். அதைக் காயவைத்துப் பெயிண்ட் கம்பெனிக்கு அனுப்புவோம். இரண்டாம் டேங்கில் செம்பையும் துத்தநாகத்தையும் பிரித்தெடுத்து, பிஎச்சை நல்ல தண்ணீரின் அளவான ஏழுக்குப் பக்கமாக ஏற்றிய பிறகுதான் வாய்க்காலில் விட வேண்டும். அங்கே நான் சூப்பர்வைசர்.

தண்ணீரைச் சிவப்பாக்குவது இரும்பு. முதல் டேங்கிலேயே சிவப்பு போய்விடும். ஆசிட் போகாது.

இரண்டாம் டேங்கில் எதிர்பார்த்த அளவு செம்பு கிடைக்கவில்லை. மேனேஜர் லியோங் அந்த டேங்கையே நிறுத்தச் சொன்னார். "பிஎச் மூன்றரையிலேயே நிற்கிறதே பாஸ்" என்று மலாயில் கேட்டேன். நிறம் போய்விட்டது, சிவப்புத் தண்ணீர் என்ற ஊர்ப் புகாரும் போய்விட்டது, இனி என்ன என்றார். நான் வால்வை மூடினேன். எதிர்த்துப் பேசி வழக்கமில்லாதவன் நான்.

வாய்க்கால் மழைத் தண்ணீர் போலத் தெளிவாக ஓடியது. கீழே பழைய எஸ்டேட் லயத்தில் மிச்சமிருந்த குடும்பங்களுக்கு ஒரே சந்தோஷம். ஒரு நாள் நாசி லெமாக், தேங்காய்ப்பால் சோறு, கட்டிக்கொண்டு பிளாண்டுக்கே வந்துவிட்டார்கள். வெளியூர் அதிகாரிகளும் வந்திருந்தார்கள், போட்டோ எடுத்தார்கள்.

கூட்டத்தில் லூர்து அக்கா இருந்தார். எஸ்டேட்டில் ரப்பர்ப் பால்மரம் சீவியவர், கணவர் இல்லை. லயத்துக்குப் பின்னால் ஒரு குளம் வெட்டித் திலாப்பியா மீன் வளர்த்தார். அந்தக் குளம்தான் அவருக்குச் சோறு.

"தம்பி, வெயில்ல கொளம் எறங்கிப் போச்சு. இந்தத் தண்ணிய விடலாமா?"

லியோங்குக்குத் தமிழ் தெரியாது. என்ன கேட்கிறார் என்று என்னைப் பார்த்தார். அதிகாரிகளும் பார்த்தார்கள்.

"தெரிமா காசி, பாஸ்."

நன்றி சொல்கிறார் என்று மலாயில் சொல்லிவிட்டேன். எல்லோரும் கை தட்டினார்கள். அக்காவிடம், "பாத்துக்கலாம்க்கா" என்றேன். மறுநாள் வீட்டுக்கே போய் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். மறுநாள் பம்ப் கெட்டது. அதற்கடுத்த நாள் வேறொன்று. சாக்கு கிடைத்துக்கொண்டே இருந்தது.

இரண்டு வாரம் கழித்து, வேலைக்குப் போகும் வழியில் அவர் கூடையோடு குளத்தில் இறங்கி நிற்பதைப் பார்த்தேன். மீன்கள் எல்லாம் வயிறு தெரிய மிதந்தன.

"குஞ்சு வித்தவன் ஏமாத்திட்டான் தம்பி. சீக்கு மீனாக் குடுத்துட்டான்."

அப்படியே போயிருக்கலாம். அந்த ஆசையும் வந்தது, மறைக்கவில்லை.

"மீனுல ஒண்ணும் இல்லக்கா. தண்ணிதான்."

"என்ன பேசுற? கண்ணாடி கணக்கா இருக்கு. நீங்க சுத்தம் பண்ணதுதானே?"

பையிலிருந்த பிஎச் மீட்டரைத் தண்ணீரில் விட்டுக் காட்டினேன். நாலைக்கூடத் தொடவில்லை.

"எனக்கு அந்த நம்பர்லாம் தெரியாது. அன்னிக்குக் கேட்டேன்ல, அப்பவே ஒனக்குத் தெரியுமா?"

"தெரியும்க்கா."

அவர் குனிந்து மறுபடி மீன் பொறுக்க ஆரம்பித்தார்.

இரண்டாம் டேங்க் அப்புறம் ஓடவே இல்லை. லூர்து அக்கா இப்போது சிலிம் ரிவர் டவுனில் ஒரு சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் கழுவுகிறார். அந்தக் கடைப்பக்கம் நான் வண்டியை நிறுத்துவதில்லை.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். எடுத்தால் முழுதாக எடுங்கள். முடியாதென்றால் சிவப்பைத் தொடாதீர்கள். அதைப் பார்த்தாவது ஜனங்கள் ஒதுங்கியிருந்தார்கள். அந்த எச்சரிக்கையைக் கழுவி எடுத்தவன் நான். அதற்குப் பதிலாக நான் சொல்ல வேண்டியிருந்தது ஒரே ஒரு வார்த்தை: "விடாதீங்கக்கா."