ஆப்பத்தின் ஓட்டைகள்

காலையில் துடியலூரில் ஒரு மெஸ். ஆப்பம் வந்ததும் புது மருமகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கொத்துக் கொத்தாக ஓட்டைகளைப் பார்த்தால் அவளுக்கு உடல் கூசுமாம்.

என் கணவர் உடனே கையிலிருந்த செய்தித்தாளால் அதை மூடினார். பரிமாறுபவரை அழைத்து, "ஏனுங்க, இத எடுத்துப்போட்டு தோசை கொண்டாங்க. புள்ளைக்கு ஆகாதுங்க" என்றார்.

பிறகு என்னிடம், "நெசமாவே இருக்கற பயம் அது. படிச்சேன். உனக்கு இதெல்லாம் புரியாது" என்றார்.

கல்யாணமான புதிதில் இதே பயத்தை இவரிடம் சொன்னேன். "எம்.எஸ்சி. படிச்சுப்போட்டு ஓட்டைக்குப் பயப்படறயே" என்று சிரித்தார். அன்றிலிருந்து ஆப்பத்தைக் குருமா ஊற்றி மறைத்துத்தான் சாப்பிடுகிறேன். இன்றும் அப்படித்தான்.

மருமகள் மேல் கோபமில்லை. பொறாமைதான். அவளுக்கு மாமனாராகக் கிடைத்த மனிதர் எனக்கு மட்டும் ஏன் கணவராகக் கிடைத்தார்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.