நான் துவைத்த கைக்குட்டை

என் வீட்டுக்காரரை எல்லோரும் பூனை என்றுதான் கூப்பிடுவார்கள். பார்ப்பதோ நாய் பார்க்கும் வேலை. பதினான்கு வருஷம் கால்நடை மருத்துவமனையில் உதவியாளராக இருந்தவர். டாக்டர் ஊசி போடும்போது நாயைப் பிடித்துக்கொள்வது இவர் பொறுப்பு. இவர் அறைக்குள் வந்ததும் தெரியாது, ஊசி ஏறியதும் தெரியாது. அப்படி வந்த பெயர்தான் அது.

வாய்க்கூடு, சங்கிலி எதையும் தொடமாட்டார். நாயைக் கூட்டிவருகிறவர்களிடம், "நீங்க போட்டுக் கழட்டுன சட்டை ஒண்ணு கொண்டாங்க, துவைக்காதீங்க" என்பார். அந்தச் சட்டையை நாயின் மூக்குக்குக் கீழே மடித்து வைப்பார். கடிக்க வந்த நாய்கூட அதில் மூஞ்சியைப் புதைத்துக்கொண்டு படுத்துவிடும். ஒரு நாயின் மேலும் கை ஓங்கினதில்லை. என்னிடம்கூடக் குரல் உயர்த்தத் தெரியாது, அந்தக் குறையையும் சேர்த்து நான்தான் உயர்த்திக்கொண்டிருக்கிறேன்.

இந்தத் திறமைதான் எங்களை நாட்டின் தலைவர் வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தது. பெரிய வீட்டுக்குப் பின்னால், கார் நிறுத்தும் இடத்தை ஒட்டி, எங்களுக்கு இரண்டு அறை கொடுத்தார்கள். அங்கே எங்களுக்கு முன்னால் இருந்தவரும் நாய் பார்த்தவர்தான். அவர் பார்த்த நாய், வெளிநாட்டிலிருந்து வந்த பெரிய மனிதர் ஒருவரின் பூட்ஸ் மேல், கேமராக்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, காலைத் தூக்கிவிட்டது. நம் வீட்டில் நடந்தால் விழுந்து விழுந்து சிரிப்போம். இங்கே அவரை 'விசாரிக்க' என்று ஒரு காரில் ஏற்றிக்கொண்டு போனார்கள். பதினோரு நாள் கழித்து வந்தபோது அவருடைய வலது கையில் இரண்டு விரல் மடங்கவில்லை. நாயை யாரும் அப்புறம் பார்க்கவே இல்லை. குடிவந்த முதல் நாளே டிரைவர் இதையெல்லாம் சொல்லிவிட்டு, "நான் எதுவும் சொல்லலக்கா" என்று போய்விட்டார்.

புது நாய்க்குப் பேப்பரில் பெயர் வீரா. எங்கள் வீட்டில் தூங்குமூஞ்சி. தேன் நிறத்தில், நீள முடியோடு, கன்றுக்குட்டி அளவு இருக்கும். தலைவரின் மகள் ஆசைப்பட்டு வாங்கியது. வாங்கின மூன்றாம் மாசம் அவள் படிக்க வெளியூர் போய்விட்டாள். எந்த வீட்டு நாய்க்கும் இதே கதைதானே? கொஞ்சுவது ஒருத்தர், அள்ளிப் போடுவது இன்னொருத்தர். காலை ஐந்தரைக்கு நடை, அப்புறம் முடி வாருவது, காதுக்குள் உண்ணி பார்ப்பது, வேகவைத்த கோழியில் எலும்பு பொறுக்குவது, நகம் வெட்டுவது, இடி இடித்தால் கட்டிலுக்கடியில் அதோடு சேர்ந்து படுப்பது. நாய் படாத பாடு என்பார்கள். எங்கள் வீட்டில் நாய்க்கு ஒரு பாடும் கிடையாது, படுவதெல்லாம் நாங்கள்தான்.

ஒருநாள் இடைத்தேர்தல் ஒன்றில் தலைவரின் ஆள் தோற்றுப்போனான். காரிலிருந்து இறங்கின தலைவரிடம் இந்த அசடு வாலை ஆட்டிக்கொண்டு ஓடியிருக்கிறது. ஷூ காலால் ஒரு உதை. விலா வீங்கிப்போய் நாலு நாள் எழுந்திருக்கவில்லை. இவர் துணியைச் சுடவைத்து ஒத்தடம் கொடுத்துக்கொண்டே அழுதார். தலைவரின் செயலாளர் வாசலில் நின்று, "யோவ், நீ எதையும் பாக்கல. புரியுதா?" என்றார். "ஒண்ணும் பாக்கலங்க" என்றார் இவர். அதற்கப்புறம் தலைவரின் செருப்புச் சத்தம் கேட்டாலே நாய் மேஜைக்கடியில் போய்விடும்.

ஆனால் போஸ்டரில் தலைவரும் நாயும் கட்டிப்பிடித்துக்கொண்டல்லவா இருக்க வேண்டும்? ஓட்டுப் போடுகிறவர்களில் பாதிப் பேர் வீட்டில் நாய் வளர்க்கிறார்கள். செயலாளர் இவரைக் கூப்பிட்டு, என்ன செய்வாயோ தெரியாது, நாய் தலைவர் மடியில் தலை வைக்க வேண்டும் என்றார். இவர் தன் பழைய வித்தையைத்தான் எடுத்தார். மூன்று நாள் தன் உடம்பில் கட்டியிருந்த பனியன் துண்டு ஒன்றை மடித்துக் கொடுத்தார். தலைவர் அதைக் கோட்டின் உள்பையில் வைத்துக்கொண்டார். நாய் தயங்கித் தயங்கி வந்து, முகர்ந்து, அவர் மடியில் தலையைச் சாய்த்தது. நாடே உருகியது. என் வீட்டுக்காரர் வேர்வையை நெஞ்சில் சுமந்துகொண்டு ஒரு நாட்டின் தலைவர் சிரிக்கிறார் என்று எனக்கு ஒரு பக்கம் சிரிப்பு, ஒரு பக்கம் கிலி. ஒருநாள் பலிக்காமல் போனால்?

தேர்தலுக்குப் பத்து நாள் இருக்கும்போது தோட்டத்தில் நேரடி ஒளிபரப்புப் பேட்டி என்றார்கள். காலை பத்து மணிக்கு. பனியன் துண்டு நாறுகிறது என்று தலைவர் சொல்லிவிட்டாராம். செயலாளர் ஒரு வெள்ளைக் கைக்குட்டையைக் கொடுத்து, இதைக் கட்டிக்கொள் என்றிருக்கிறார். இவரும் மூன்று நாள் இடுப்பில் கட்டிக்கொண்டு திரிந்தார். இதெல்லாம் எனக்கு அப்புறம்தான் தெரியும். பேட்டி நாள் காலையில் குளிக்கப் போனபோது அவிழ்த்துக் குளியலறைக் கம்பியில் போட்டார். நான் அழுக்குத் துணியையெல்லாம் சோப்புத் தண்ணீரில் ஊறப்போடும்போது, மஞ்சள் பூத்துப்போன ஒரு கைக்குட்டையைப் பார்த்தேன். தலைவர் வீட்டுக் கைக்குட்டையை இப்படியா வைப்பது என்று, அதற்கு மட்டும் தனியாக இரண்டு கசக்குக் கசக்கி, அலசிக் காயப்போட்டேன். வெளுத்த வெளுப்பில் கண் கூசியது.

எட்டே முக்காலுக்கு இவர் கொடிக்கயிற்றுக்குக் கீழே வந்து நின்றார். மூஞ்சியில் ஈயாடவில்லை.

"இதையா துவச்ச?"

"பின்ன? அழுக்கு..." என்று ஆரம்பித்தவள், பாதியிலேயே புரிந்துகொண்டேன். "எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல? வாயைத் திறந்தா முத்து உதிர்ந்துடுமா உங்களுக்கு?"

"சொல்லலையா நானு?"

"எப்பச் சொன்னீங்க? நாய்கிட்டச் சொல்லியிருப்பீங்க!"

சண்டை போட நேரமில்லை. இவருடைய அழுக்குத் துணி ஒன்றுகூட பாக்கியில்லை, எல்லாம் வாளியில் மிதக்கிறது. ஒன்பதரைக்குச் செயலாளர் கைக்குட்டை வாங்க வருவார். இஸ்திரி போட்டு ஈரத்தை எடுத்தேன். இவர் அதை அக்குளில் வைத்துக்கொண்டு கார் கொட்டகையைச் சுற்றி ஓடினார். குளிர்காலம். ஓடினார், குதித்தார், தண்ணீர் வாளியைத் தூக்கித் தூக்கி வைத்தார். மூச்சு இரைத்ததே தவிர ஒரு பொட்டு வேர்வை வரவில்லை. நான் இவரை உள்ளே இழுத்துப் போர்வையைப் போட்டு மூடினேன். வேறொரு நாளாயிருந்தால் அந்தக் கோலத்தைப் பார்த்து இரண்டு பேரும் சிரித்திருப்போம். எனக்கு அந்த மடங்காத இரண்டு விரல்தான் கண்ணில் நின்றது. இவர் கையும் அப்படி ஆகிவிட்டால்? உண்ணி எடுக்கிற கை.

சரளைக்கல்லில் செயலாளரின் பூட்ஸ் சத்தம் கேட்டது. அவ்வளவுதான். ஓடியும் வராத வேர்வை அப்போது வந்தது. நெற்றி, கழுத்து, கை எல்லாம் சில்லென்று கொட்டியது. கைக்குட்டையால் ஒற்றி ஒற்றி எடுத்தார். கதவைத் திறப்பதற்கு முன்னால் என் காதில், "இதுல நான் இல்ல. என் பயந்தான் இருக்கு. அதுக்குத் தெரிஞ்சிடும்" என்றார்.

தண்ணீர் பாட்டில் எடுத்துக் கொடுக்க ஆள் போதவில்லை என்று என்னையும் தோட்டத்துக்கு அனுப்பினார்கள். அதனால் எல்லாவற்றையும் கண்ணால் பார்த்தேன். தலைவர் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எதிரே பேட்டி எடுக்கும் பெண். இவர் கேமராவுக்குப் பின்னால். நாயை விட்டார்கள். அது தலைவரிடம் போயிற்று. அவர் கோட்டில் மூக்கை வைத்தது. நான் மூச்சை விட்டேன்.

அடுத்த நொடி அதன் காது இரண்டும் பின்னால் மடிந்தன. முனகத் தொடங்கியது. தலைவரின் நெஞ்சை முன்னங்காலால் பிறாண்டியது, உள்ளே யாரோ மாட்டிக்கொண்டிருப்பதைப்போல. கோட்டுக்குள் மூஞ்சியை விட்டுக் கைக்குட்டையைக் கவ்வி இழுத்தது. இழுத்துக்கொண்டு, தரையில் கிடந்த கேமரா ஒயர்களையெல்லாம் தாண்டி ஓடிவந்து, இவர் முகத்தை நக்கு நக்கென்று நக்கியது. ஒரு கேமரா அதோடு சேர்ந்து இவர்மேல் திரும்பிவிட்டது.

அந்தப் பெண் சிரித்தாள். "இவர் யாரு சார்?"

தலைவரும் சிரித்தார். "நம்ம வீட்டுப் பையன் மாதிரி. வாப்பா, இங்க வா."

இவர் போய் நின்றார். நாய் இவர் முழங்காலை ஒட்டிக்கொண்டே போனது.

"சொல்லுங்க, தலைவர் இதுகிட்ட எப்படி இருப்பார்?"

செயலாளர் கையைக் கட்டிக்கொண்டு இவரையே பார்த்துக்கொண்டிருந்தார். நாட்டில் எத்தனை வீட்டில் டிவி ஓடிக்கொண்டிருந்ததோ, அத்தனை வீடும் பார்த்துக்கொண்டிருந்தது.

"உயிரா இருப்பாங்க" என்றார் இவர்.

தலைவர் எழுந்து, பாசமாக இவர் தோளில் கையைப் போட்டார். அந்தக் கை விழுந்ததும் இவர் உடம்பு வெடவெடத்ததை நானே பார்த்தேன் என்றால், ஒட்டிக்கொண்டு நின்ற நாய்க்குத் தெரியாதா? அது இரண்டு பேருக்கும் நடுவில் புகுந்தது. முதுகு முடி சிலிர்த்தது. பல் தெரிந்தது. அதன் தொண்டையிலிருந்து அப்படி ஒரு உறுமல் வரும் என்று இரண்டு வருஷத்தில் எனக்குத் தெரியாது. தலைவரின் சிரிப்பு அப்படியே இருந்தது, கை மட்டும் காற்றில் நின்றது.

கடிக்கப் போகிறது என்று நினைத்தேன். கடித்தால் இவரும் இல்லை, அதுவும் இல்லை.

இவர் அடித்தார். கையை ஓங்கி, நாயின் மூக்குமேல், பளாரென்று. அந்தச் சத்தம் ஒலிவாங்கியில் நன்றாகவே விழுந்திருக்கும். அது கத்தவில்லை. இவரை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்துவிட்டு, வயிறு தரையில் படப் படுத்துவிட்டது.

"அட, அடிக்காதேப்பா! வாயில்லா ஜீவன்" என்றார் தலைவர். குனிந்து அதன் தலையைத் தடவினார். அது அசையாமல் தடவவிட்டது. பேட்டி எடுத்த பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது.

மறுநாள் எல்லாப் பேப்பரிலும் அந்தப் படம்தான். வேலைக்காரன் அடித்த நாயைத் தலைவர் தேற்றுகிறார். ஊரே இவரைத் திட்டியது. இவனெல்லாம் மனுஷனா, இவனுக்கு முதலில் சங்கிலி போடுங்கள் என்று யார் யாரோ எழுதினார்கள். மருத்துவமனையில் இவரோடு வேலை பார்த்தவர்கள்கூட ஒரு போன் பண்ணவில்லை. செயலாளர் மட்டும் வந்து தட்டிக்கொடுத்தார். "பிரமாதம்யா. நானே எதிர்பார்க்கல." தேர்தலில் ஜெயித்தார்கள். இவருக்கு வேலை இருக்கிறது, விரல் பத்தும் மடங்குகிறது. அன்றைக்குக் காலையில் நான் வேண்டிக்கொண்டது இதைத்தான்.

தினமும் காலையில் வாசற்படியில் உட்கார்ந்து அதற்கு முடி வாருகிறார். கூப்பிட்டால் வருகிறது. திரும்பு என்றால் திரும்புகிறது. சீப்போடு கை மேலே போகும்போது மட்டும் கண்ணை இறுக்கி மூடிக்கொள்கிறது.

"நான்தான்டா" என்கிறார் இவர். "டேய், நான்தான்டா."

வாரி முடிக்கும்வரை அது கண்ணைத் திறப்பதில்லை.