கல்யாணசுந்தரி அக்காவின் தார்ப்பாய்கள்

புதுவயலில் அரிசி ஆலை நடத்தும் கல்யாணசுந்தரி அக்காவை ஊரில் ‘கஞ்ச மகராசி’ என்பார்கள். சொல்கிறவன் நாக்கு அழுகிப் போக! அவருக்கு லாரி ஓட்டுகிறவன் நான். சிந்திய நெல்லுக்காக ஆலை நடுவில் நிற்கவைத்து என்னையும் திட்டியிருக்கிறார்தான். அதனால் என்ன? போன தை மாதம் நடந்ததைக் கேளுங்கள்.

களத்தில் நெல் கிளறும் வளனுக்கு மகள் கல்யாணம். காலையில் சர்ச்சில் தாலி, மதியம் வீட்டு வாசலில் விருந்து. பந்தல் கூரைக்கு ஆலைத் தார்ப்பாய்களைக் கேட்டான்.

“தையில எங்குட்டு மழை? எல்லாத்தையும் தூக்கிட்டுப் போ. கிழிச்சுக் கொண்டாந்தே, தோலை உரிச்சிருவேன்!” என்று கொடுத்துவிட்டார் அக்கா.

பந்தி நடக்கும்போது வானம் கறுத்தது. களம் முழுக்க அவித்த நெல் காய்கிறது. நனைந்தால் புளித்த வாடை ஏறிவிடும், ஒரு வியாபாரியும் தொடமாட்டான். யாரையும் கேட்காமல் தார்ப்பாயை வாங்கிவர பின்தெருவில் வளன் வீட்டுக்கு ஓடினேன். விஷயத்தைச் சொன்னதும் வளனுக்கு முகம் செத்துப்போனது. புதுவேட்டியோடு ஏணியில் ஏறிக் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கிவிட்டான். மணக்கோலத்தில் இருந்த மகள் யூஜினியா தலையைக் குனிந்துகொண்டாள்.

“எவன்டா அவுக்கிறது?” மூச்சிரைக்க வந்து நின்றார் அக்கா.

“அம்மா, நெல்லு...”

“நெல்லு என்னுது, நான் பாத்துக்கிறேன். சம்பந்தி வீட்டு ஆளுக நனைஞ்ச சோறா திங்கிறது? கட்டுடா கயித்தை! டேய் சோமு, நீ நட களத்துக்கு!” என்று என்னை விரட்டினார்.

மழை கொட்டியது. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவரும் எங்களோடு நெல்லைக் கூட்டித் தள்ளினார். பாதிகூடத் தேறவில்லை. அன்று என்னைத் திட்டினாரே, அப்பப்பா! நெல் போனதற்கு இல்லை, கல்யாண வீட்டில் போய் நெல்லைப் பற்றிப் பேசியதற்கு.

ஒரு வாரம் கழித்து வளன் கைகூப்பி நின்றான். “நனைஞ்ச நெல்லு என்னம்மா ஆச்சு?”

“காயவச்சு அரைச்சு வித்தாச்சு. கும்புட்டது போதும், போய்க் களத்தைக் கூட்டு.”

நானும் நம்பினேன். சித்திரையில் ஒருநாள் லாரிச் சாவி வாங்க அவர் வீட்டுக்குப் போனேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தட்டில் பழுப்பேறிய சோறு. புளித்த வாடை வாசல்வரை அடித்தது.

“ஏக்கா இதைத் திங்கிறீக?”

“மாட்டுக்குப் போட்டது போக மிச்சம். ஊருக்கு விக்கவா முடியும்? வளன்கிட்ட உளறினே, வேலைய விட்டுத் தூக்கிருவேன்.”

ஒரு தட்டை எடுத்துக்கொண்டு அவர் எதிரில் உட்கார்ந்தேன்.

“எனக்கும் போடுங்கக்கா.”