ஏழு வீட்டு அதிரசம்

அப்போது எனக்கு எட்டு வயது. தீபாவளிக்கு ஒரு மாதம் முன்புதான் என் தம்பி காய்ச்சலில் போய்விட்டான். சாவு விழுந்த வீட்டில் அந்த வருஷம் பண்டிகை கிடையாது. எண்ணெய்ச் சட்டி வைக்கக் கூடாது. அதனால் உத்திரமேரூரில் எங்கள் தெருவிலிருந்த ஏழு வீட்டுக்காரர்களும் அதிரசம் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

எங்கள் வீட்டில் சுட்டால் ஆளுக்கு இரண்டுதான். அதிலும் தம்பி என்னுடையதை ஒரு கடி கடித்துவிட்டுத்தான் ஓடுவான்.

"அம்மா, அத்தினியும் எனக்கேவா?"

"உனக்குத்தான்டி. துன்னு."

"அப்போ அடுத்த வருசமும் நாம்ப தீபாவளி பண்ண வாணாம்மா. இதான் நல்லா கீது."

நைனா கையை ஓங்கிவிட்டார். அம்மா பாய்ந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வுடுய்யா. கீறது இது ஒண்ணுதானே."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. மூன்று அதிரசம் தின்றேன்.

அடுத்த தீபாவளிக்கு அம்மாவே அதிரசம் சுட்டாள். என் தட்டில் எண்ணி ஏழு வைத்தாள்.

"போதுமாடி?"

குரலில் கோபமே இல்லை. நான் முதல் அதிரசத்தைக் கையில் எடுத்தேன். அதைக் கடிக்க ஒருவரும் ஓடி வரவில்லை. போன வருஷம் நான் என்ன சொன்னேன் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

அன்று அம்மா நைனாவைத் தடுக்காமல் இருந்திருக்கலாம். அடியென்றால் எப்போதோ மறந்திருப்பேன்.