வெளுத்துப்போன தொட்டி

எங்கள் ஊர்ச் சாக்கடை மொத்தமும் ஊருணியில்தான் போய் விழுகிறது. வயலுக்குப் போடும் தழைச்சத்தும் மணிச்சத்தும் அந்தக் கழிவுநீரிலும் இருக்கின்றன. அதைத் தின்று ஆகாயத்தாமரை மண்டி, ஆடுமாடு வாய்வைக்க வழியில்லை. விராலிமலைப் பக்கம் ஒரு கல்லூரியில் தாவரவியல் நடத்துகிறவள் நான். நுண்பாசியை வளர்த்தால் அந்தச் சத்தை அதுவே இழுத்துக்கொள்ளும் என்று பஞ்சாயத்தில் மல்லுக்கட்டி, கரையோரம் ஒரு சிமெண்டுத் தொட்டி கட்டி, சாக்கடையில் ஒரு பங்கை அதில் திருப்பிவிட வைத்தேன். ஆய்வகத்தில் வளர்த்த பாசியைக் கேன்களில் கொண்டுவந்து ஊற்றினேன். இரண்டே மாதத்தில் தொட்டி கரும்பச்சையாகிவிட்டது. காலையில் அதைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தால்தான் எனக்குச் சோறு இறங்கும்.

மாவட்டத்திலிருந்து ஓர் அதிகாரி பார்க்க வருவதாகச் சொன்னார்கள். அவருக்குப் பிடித்தால் ஊர்ச் சாக்கடை முழுவதற்கும் தொட்டி கட்ட அனுமதி கிடைக்கும். இல்லையென்றால் இருப்பதையும் மூடிவிடுவார்கள். தினமும் தொட்டியைக் கலக்கிவிடும் தூய்மைப் பணியாளர் அக்காவிடம், "ஆபீசர் வாராரு, எடத்தப் பளிச்சுனு வச்சிருங்கக்கா" என்று சொல்லிவிட்டு வகுப்புக்கு ஓடினேன். என் வாயில் கொள்ளியைத்தான் வைக்க வேண்டும்.

அதிகாரி வருகிறார் என்றால் எங்கள் பக்கம் என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியாதா? ரோட்டின் இரண்டு ஓரமும் ப்ளீச்சிங் பவுடரால் கோடு போடுவார்கள். மறுநாள் போனபோது கோடு போட்டிருந்தது. தொட்டிக்குள்ளும் கொட்டியிருந்தது. பாசி வெளுத்து அடியில் செத்துக்கிடக்க, மேலே தண்ணீர் தெளிந்து நின்றது.

"பச்சைப்பசேல்னு அசிங்கமா கெடந்துச்சு டீச்சர். ரெண்டு மூட்டை கொட்டுனேன்" என்றார் அக்கா. முகத்தில் அவ்வளவு பெருமை. கத்தியிருப்பேன், அதற்குள் ஜீப் வந்துவிட்டது.

அதிகாரி குனிந்து பார்த்தார். நடந்ததைச் சொன்னேன். பவுடர் கிருமியைத்தான் கொல்லும், சத்து அப்படியே தண்ணீரில் இருக்கும் என்று மூச்சுமுட்டச் சொன்னேன். அவர் காதில் ஏறியது வேறு.

"பவுடருக்கே இவ்வளவு தெளியுதே, அப்புறம் பாசி எதுக்கும்மா?"

பஞ்சாயத்துக்காரர்கள் தலையாட்டினார்கள். இனி வாரம் ஒருமுறை பவுடர் போட்டால் போதும் என்று அங்கேயே முடிவாயிற்று. ஜீப் கிளம்பியதும் தொட்டிச் சுவரில் உட்கார்ந்து அழுதேன். யாரைத் திட்டுவது? சொன்னவள் நான்தானே.

நான் சந்தோஷத்தில் அழுவதாக அக்கா நினைத்துவிட்டார். பக்கத்தில் வந்து என் தோளைத் தொட்டார்.

"அதான் நல்லபடியா முடிஞ்சிருச்சுல்ல, அழுகாதீங்க டீச்சர். வாராவாரம் நானே மறக்காமப் போட்டுர்றேன்."

சரிக்கா என்றேன்.